கதானா: மடித்த எஃகும் மடியாத கதைகளும்

ஜப்பானிய வாளைப் பற்றி உலகெங்கும் புழங்கும் கதைகளில் பெரும்பாலானவை, அந்த வாள் போர்க்களத்தை விட்டு விலகிய பிறகே உருப்பெற்றவை. 1603 முதல் 1868 வரை நீடித்த டோக்குகாவா ஆட்சியின் நெடிய அமைதியில் படைக்கருவியாக இருந்த வாள் குலச்சின்னமாக மாறியது. 1876இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்தபோது அது இழந்த பெருமையின் அடையாளமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் போர்ப் பரப்புரையும் திரைப்படமும் அதற்கு மனித ஆற்றலை மீறிய வல்லமையை ஏற்றிவிட்டன. ஆயிரம் முறை மடித்த எஃகு, எதில் மோதினாலும் உடையாத உறுதி, துப்பாக்கிக் குழலையும் துண்டாக்கும் கூர்மை, உறையை விட்டு வந்தால் குருதி காணாமல் திரும்பாத சாபம் என விரியும் இக்கற்பனைகளை வெறும் மிகைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. உண்மையிலேயே வியப்புக்குரிய ஒரு கைவினையை அவை மறைத்து நிற்கின்றன. கொல்லர் எந்த இடர்ப்பாட்டை எப்படித் தீர்த்தார் என்ற கேள்வியையே எழவிடாமல் செய்துவிடுகின்றன.

எஃகிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானில் கிடைத்த இரும்பு தரம் தாழ்ந்தது என்றும், அக்குறையை ஈடுகட்டவே கொல்லர்கள் அதை மடித்து மடித்து அடித்தார்கள் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் பாதியே உண்மை. மரபான வாளுக்குரிய எஃகு 'தமாஹகனே' எனப்படுகிறது. இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறி இட்டு, 'ததாரா' என்ற தாழ்வான களிமண் உலையில் துருத்திக் காற்றால் எரித்து இது பெறப்படுகிறது. ஷிமானே மாகாணத்தின் ஒக்குஇசுமோ பகுதியில் 1977இல் மீட்டெடுக்கப்பட்டு இன்றும் குளிர்காலத்தில் இயங்கும் உலையில், ஒருமுறை மூட்டிய தீ மூன்று பகலும் மூன்று இரவும் எரிகிறது. சுமார் 10 டன் மணலையும் 12 டன் கரியையும் விழுங்கி, ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள ஒரே கட்டியைத் தருகிறது. அக்கட்டியை வெளியே எடுக்க உலையின் சுவர்களை இடித்தாக வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் உலை புதிதாக எழுப்பப்படுகிறது. எஃகைக் கெடுக்கும் பாஸ்பரசும் கந்தகமும் இந்த மணலில் மிகக் குறைவு என்பதால், வேதியியல் தூய்மையில் தமாஹகனே எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. உலைக்குள் இரும்பு முழுதாக உருகி ஒன்றுகலப்பதில்லை. ஆகவே ஒரே கட்டியின் ஒரு பகுதியில் கார்பன் மிகுந்தும், இன்னொரு பகுதியில் குறைந்தும், இடையிடையே கசடு சிக்கியும் கிடக்கும். கட்டியை உடைத்து, முறிந்த பரப்பின் நிறத்தையும் மணியையும் கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பது கொல்லருக்கு வேண்டிய முதல் அறிவு.

மடித்தல் என்பது இந்தச் சீரின்மையைப் போக்கும் வழி. தேர்ந்தெடுத்த துண்டுகளை அடுக்கிக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கி, நீட்டி, குறுக்கே வெட்டி, மடித்து மீண்டும் அடிக்கும்போது கசடு பொறியாகத் தெறித்து வெளியேறுகிறது, கார்பன் பரவிச் சமமாகிறது. இவ்வாறு மடிப்பது பெரும்பாலும் 10 முதல் 15 முறை வரையே. ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால் 10 மடிப்பில் 1,024 அடுக்குகளும், 15 மடிப்பில் 32,768 அடுக்குகளும் உருவாகின்றன. ஆயிரக்கணக்கான அடுக்குகள் என்ற உண்மையே வாய்வழியில் ஆயிரக்கணக்கான மடிப்புகள் ஆகிவிட்டது என்று கொள்ள இடமுண்டு. மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள பாளத்தை 30 முறை மடித்தால் ஓர் அடுக்கின் தடிமன் அணுவின் விட்டத்துக்கும் கீழே போய்விடும் என்ற எளிய கணக்கே ஆயிரம் மடிப்புக் கதையைத் தகர்த்துவிடுகிறது. அளவுக்கு மிஞ்சி மடிப்பதில் நன்மையும் இல்லை: ஒவ்வொரு காய்ச்சலிலும் இரும்பு செதிலாக உதிர்ந்து எடை குறைகிறது, கார்பனும் எரிந்து போகிறது. 1 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் கொண்டிருந்த தமாஹகனே, வாளாக முடியும்போது 0.6 அல்லது 0.7 விழுக்காட்டில் நிற்கிறது. அதற்கும் மிகக் கீழே இறங்கினால் வாய் போதிய அளவு கடினப்படாது. எந்த மடிப்பில் நிறுத்துவது என்று அறிவதில்தான் கொல்லரின் தேர்ச்சி இருக்கிறது.

எஃகை மடித்து அடிப்பது ஜப்பானியருக்கு மட்டும் உரியதுமன்று. ஐரோப்பாவின் வைக்கிங் காலத்து வாள்களிலும் மலாய் உலகின் கிரிஸ் என்னும் குத்துவாள்களிலும் பற்றவைத்து அடித்த அடுக்குகளைக் காணலாம். தமாஸ்கஸ் எஃகையும் ஜப்பானிய எஃகையும் ஒன்றெனக் கொள்ளும் பிழையும் பரவலானது. தமிழகத்திலும் தக்காணத்திலும் மூசையில் இட்டு உருக்கிய எஃகிலிருந்து உருவான அவ்வகை வாள்களின் அலைக்கோலம், உருகிய எஃகு மெல்லக் குளிரும்போது அதற்குள்ளேயே அமையும் கார்பைடுத் துகள்களால் வருவது, மடிப்பால் அன்று. ஜப்பானியக் கொல்லர்களோ வெளிநாட்டு இரும்பைத் தீண்டாதவர்கள் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டோக்குகாவா ஆட்சியை நிறுவிய இயேயாசுவின் ஆதரவைப் பெற்ற கொல்லர் எச்சிசென் யசுட்சுகு, கடல்வழி வந்த அயல்நாட்டு இரும்பைக் கொண்டு செய்தது என்று தம் வாள்களிலேயே பெருமையோடு பொறித்துவைத்தார்.

அடித்து முடித்த வாளுக்கு உயிர் தருவது நீரில் தோய்த்தல். களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் ஆகியவற்றைக் குழைத்த பூச்சு, வாளின் முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் தடவப்படுகிறது. செந்தணலில் காய்ந்த வாளை நீரில் அமிழ்த்தும்போது மெல்லிய பூச்சுள்ள வாய்ப்பகுதி நொடியில் குளிர்ந்து 'மார்டென்சைட்' என்னும் மிகக் கடினமான படிக அமைப்பாகிறது; முதுகு மெல்லக் குளிர்ந்து மென்மையாகவும் வளைந்துகொடுப்பதாகவும் நிற்கிறது. இவ்விரண்டு அமைப்புகளும் சந்திக்கும் எல்லையே, தீட்டிய பின் வெண்மையாகத் தெரியும் 'ஹமோன்' என்ற அலைக்கோடு. மலிவான போலி வாள்களில் அமிலத்தால் அரித்து வரையப்படும் கோடு இதன் தோற்றத்தை மட்டுமே நடிக்கிறது. வாளின் வளைவு அடித்து உருவாக்கப்படுவது என்ற எண்ணமும் முழுச் சரியானதன்று: கொல்லர் சிறிதளவு வளைவையே அடித்துத் தருகிறார், மார்டென்சைட் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் வாய்ப்பக்கம் விரிந்து, மீதி வளைவைத் தோய்த்தலே உண்டாக்குகிறது. இந்த ஒரு கணத்தில் பல மாத உழைப்பு விரிசல் விட்டுப் பாழாவதுண்டு.

உடையாத வாள் என்ற கற்பனை வீழ்வதும் இங்கேதான். கடினமான வாய் கூர்மையை நெடுநேரம் காக்கும், ஆனால் கவசத்திலோ எலும்பிலோ தவறான கோணத்தில் மோதினால் சில்லாகப் பெயர்ந்துவிடும். மென்மையான முதுகு எளிதில் முறியாது, ஆனால் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். உடல் முழுதும் ஒரே சீராகப் பதப்படுத்தப்பட்ட ஐரோப்பிய வாளைப் போல வில்லாகத் துள்ளி நேராகாது. வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட எஃகுகளை உள்ளும் புறமும் பொதிந்து வாளமைக்கும் முறைகளும் இந்த முரணைச் சமாளிக்கவே எழுந்தன. கூர்மையும் உறுதியும் ஒரே எஃகில் முழுமையாகச் சேரா என்பதை ஒப்புக்கொண்டு, எதை எங்கே விட்டுக்கொடுப்பது என்று அங்குலம் அங்குலமாக முடிவுசெய்த வடிவம் இது. அந்த முடிவுகளின் நுட்பமே இதன் மேன்மை.

இத்தகைய வாயைக் கொண்டு இயந்திரத் துப்பாக்கியின் குழலை வெட்டினார்கள் என்ற போர்க்காலக் கதைக்கு விரிவான மறுப்பு தேவையில்லை. வாளின் பக்கத்தில் ஓடும் பள்ளம் குருதி வடிவதற்கு என்பதும் தவறு. விறைப்பைப் பெரிதும் குறைக்காமல் எடையைக் குறைப்பதற்காக வெட்டப்பட்டது அது. எடோ காலம் எனப்படும் டோக்குகாவா ஆட்சிக்காலத்தில் கூர்மையைச் சோதித்த முறை மட்டும் சற்று விளக்கத்துக்குரியது. யமாதா அசயெமோன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய குடும்பத்தினர், மரணதண்டனை பெற்றோரின் உடல்களைக் கிடத்தி வெட்டி, எத்தனை உடல்கள் துண்டாயின என்பதை வாளின் அடிக்காம்பில் பொன்னெழுத்தில் பொறிக்கச் செய்தனர். அசையாத உடல், சோதனைக்கென்றே பூட்டிய கனமான கைப்பிடி, வாழ்நாள் முழுதும் அதையே பயின்ற கை ஆகியவை சேர்ந்து தந்த விளைவு அது. கவசம் பூண்டு எதிர்த்து நிற்கும் ஒருவனிடம் வாள் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது.

போர்க்களமோ வேறு கதை சொல்கிறது. சாமுராய்களின் வாழ்க்கைநெறி தொடக்கத்தில் வில்லையும் குதிரையையும் கொண்டே பெயர்பெற்றிருந்தது. குதிரைமேல் இருந்து அம்பெய்வதே அவர்களின் தலையாய கலை. 14ஆம் நூற்றாண்டு வீரர்கள் தம் சேவைக்குப் பரிசு வேண்டிச் சமர்ப்பித்த போர் அறிக்கைகளில் காயங்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அம்புக் காயங்களே மிகுதி. பின்னர்ப் பெரும் காலாட்படைகள் எழுந்தபோது நீண்ட ஈட்டி முதன்மை பெற்றது. 1543இல் தானேகஷிமா தீவில் போர்த்துக்கீசியர் வழியே வந்திறங்கிய துப்பாக்கி, 1575இல் நாகஷினோ போரில் படைத்தலைவர் ஓடா நொபுனாகாவின் வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றது. வாள் எப்போதும் இடையில் இருந்தது, நெருக்கடியில் கைகொடுத்தது, வீழ்ந்தவரின் தலையைக் கொய்யப் பயன்பட்டது. போரின் போக்கை முடிவுசெய்யும் கருவியாக மட்டும் அது அரிதாகவே இருந்தது. வில் முதன்மை பெற்றிருந்த காலத்தில் குதிரைவீரர் அணிந்ததும் இன்று பலரும் மனத்தில் காணும் கதானா அன்று, வாய் கீழ்நோக்க இடையில் தொங்கவிட்ட 'தாச்சி'; வாய் மேல்நோக்க இடைக்கச்சில் செருகும் கதானா, தரைப்போர் பெருகிய காலத்தில் பரவியது.

வாள் சாமுராயின் ஆன்மா என்ற கருத்து எடோ காலத்து அமைதியில் வேரூன்றி, 1900இல் வெளியான நித்தோபே இனாசோவின் 'புஷிடோ' நூலின் வழியே மேலைநாடுகளில் பரவியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் போரையே காணாத வகுப்பொன்று தன் இருப்புக்கான நியாயத்தை இடையிலிருந்த வாளில் தேடியது இயல்பே. நெட்டையும் குட்டையுமாக இரு வாள்களைச் சேர்த்து அணியும் உரிமை மட்டுமே சாமுராய்களுக்குரியதாக இருந்தது. இரண்டடிக்குக் குறைவான 'வாகிசாஷி'யை வழிப்பயணம் போகும் வணிகரும் அணிந்தனர்.

புகழ்பெற்ற கொல்லர்களான மசமுனேயும் முரமாசாவும் தம் வாள்களை ஓடையில் நிறுத்திப் போட்டியிட்டார்கள், கொலைவெறி கொண்ட முரமாசாவின் வாள் மிதந்துவந்த இலைகளையெல்லாம் வெட்டியது, மசமுனேயின் வாளையோ இலைகள் விலகிச் சென்றன என்ற கதை அழகானது. ஆனால் சகாமியின் மசமுனே 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். இசே நாட்டின் முரமாசாவுக்குக் கிடைக்கும் முதல் தேதியிட்ட வாள் 1501ஆம் ஆண்டுக்குரியது. முரமாசாவின் வாள்கள் டோக்குகாவா குலத்துக்குச் சாபம் என்ற நம்பிக்கையின் வேரும் கண்டறியக்கூடியதே. இயேயாசுவின் பாட்டனார் 1535இல் கொல்லப்பட்டதும், தந்தையார் தாக்கப்பட்டதும், மகன் 1579இல் தன்னுயிர் மாய்த்தபோது தலை கொய்யப்பட்டதும் முரமாசா வாள்களால் என்பது மரபுச்செய்தி. டோக்குகாவாவின் சொந்த நாடான மிக்காவா, இசே வளைகுடாவுக்கு அக்கரையில் இருந்தது. அங்கே முரமாசாவின் வாள்கள் மலிந்திருந்ததால் நண்பர் கையிலும் பகைவர் கையிலும் அவையே இருந்தன. இயேயாசுவுக்குரியதாகக் கருதப்படும் முரமாசா வாள் நகோயாவின் டோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. கபுகி நாடகங்கள் சாபத்தை வளர்த்தன. டோக்குகாவா ஆட்சியைக் கவிழ்க்க முனைந்தவர்கள் அதே காரணத்தால் முரமாசா வாள்களைத் தேடி வாங்கினர்.

தனித்த மேதை ஒருவரே ஒவ்வொரு வாளையும் தவம்போல் செய்து முடித்தார் என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. பிசென் நாட்டின் ஒசாஃபுனேயில் பட்டறைகள் தலைமுறைகளாகத் திரள்திரளாக வாள் செய்தன. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மிங் சீனாவுக்கு வணிகக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான வாள்கள் சென்றன. இன்றும் கொல்லர் செய்வது உலோக உடலை மட்டுமே. தீட்டுநர், வாளின் அடியில் பொருந்தும் செப்புப் பட்டையைச் செய்பவர், உறை செய்பவர், கைப்பிடி சுற்றுபவர் எனப் பல கைகள் சேர்ந்தே வாள் முழுமையாகிறது. ஹமோனின் அழகைக் கண்ணுக்குக் காட்டுபவர் கொல்லரைவிடத் தீட்டுநரே. கையறிவு இடையறாமல் கடத்தப்பட்டது என்பதும் மெய்யன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்லர் சுயிஷின்ஷி மசாஹிடே, பழங்காலத்து முறைகள் மறைந்துவிட்டன என்று கவலையுற்று அவற்றை மீட்க முனைந்தார். இன்றைய கொல்லர்களும் மசமுனே வாழ்ந்த காமகுரா காலத்து எஃகின் தோற்றத்தை எட்ட முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் அதிகாரிகள் அணிந்த வாள்களையெல்லாம் குடும்பப் பழம்பொருள்கள் எனக் கருதுவது, அயல்நாடுகளில் பெரிதும் காணப்படும் மயக்கம். அவற்றுள் மிகப்பல தொழிற்சாலை எஃகில் செய்து எண்ணெயில் தோய்த்தவை. யசுகுனி கோயில் வளாகத்தில் 1933 முதல் 1945 வரை மரபு முறையில் செய்யப்பட்ட சுமார் 8,100 வாள்கள் போன்றவை விதிவிலக்குகள். தோல்விக்குப் பின் ஆக்கிரமிப்புப் படை வாள்களைப் பறித்து அழித்தபோது, அவை கலைப்பொருள்கள் என்று வாதாடி அறிஞர் ஹொன்மா ஜுன்ஜி முதலியோர் பலவற்றைக் காத்தனர். 1948இல் ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. இன்று வாள் செய்யும் உரிமம் பெற விரும்புபவர் ஐந்தாண்டுகளேனும் ஓர் ஆசானிடம் பயில வேண்டும். உரிமம் பெற்ற கொல்லர் மாதத்துக்கு இரண்டு நெடுவாள்கள் அல்லது மூன்று குறுவாள்களுக்கு மேல் செய்ய முடியாது.

கற்பனைகளுள் வாளுக்கே தீங்கு செய்வது, கதைகளில் அதிகம் இடம்பெறாத ஒன்று: துரு என்றாலே தேய்த்து நீக்க வேண்டும் என்ற எண்ணம். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிக்காம்பு தீட்டப்படுவதில்லை. நூற்றாண்டுகளாக அதில் படிந்த கருந்துருவின் நிறமும் ஆழமும், அதனூடே தெரியும் அரத்தின் கீறல்களும், கையொப்பமுமே வாளின் காலத்தையும் பட்டறையையும் அறிய அறிஞர்கள் நம்பும் சான்றுகள். வாரிசாக வந்த வாளை நன்மனத்தோடு மணல்தாளால் தேய்த்தவர்கள் இச்சான்றை ஒரே மாலையில் அழித்திருக்கிறார்கள். வாளின் உடலில் துரு கண்டால், பயிற்சி பெற்ற தீட்டுநரிடம் சேர்ப்பிக்கும்வரை மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு விட்டுவைப்பதே முறை. ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு சிறிது கரைகிறது. வெளித்தோலாகப் பொதிந்த கடின எஃகு தேய்ந்து உள்ளிருக்கும் மென்னிரும்பு தெரிந்துவிட்டால், எந்தக் கொல்லராலும் அதை மீண்டும் மூட இயலாது.