எல்லாருக்கும் பழகிவிடுவதில்லை இந்தச் சத்தம்

காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலையாற்றுக் கழிமுகம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த மணல்திட்டில் அலையும் காற்றும்தான் பெரிய சத்தம். கோயில் திருவிழாவின் மேளமும் வெடியும் ஆண்டில் சில நாள் வந்து போகும். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். இன்று மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர்ச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. புதிதாகக் குடிவந்தவர் தூக்கம் வராமல் புரளுவார். ஊர்க்காரர்களைக் கேட்டால், "எங்களுக்குப் பழகிடுச்சு" என்பார்கள்.

பழக்குவது மூளை. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்து, அதனால் ஆபத்தில்லை என்று பட்டுவிட்டால் மூளை அதைப் பொருட்படுத்துவதைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு இது அப்படி நடப்பதில்லை. சத்தத்தால் மிகவும் தவிக்கும் பிள்ளைக்குப் பத்தாவது ஹார்னும் முதல் ஹார்ன்தான்.

முன்பெல்லாம் இது பெரும்பாலோருக்குப் புரியவில்லை. ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்ன லியோ கேனர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, உரத்த சத்தத்துக்கு அவர்கள் நடுங்கியதைக் குறித்திருந்தார். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்செல்லாம் வேறு திசையில் போனது. பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்தவர்களே பழி சுமத்தினார்கள். நம் பக்கத்தில் காத்துக் கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். பள்ளியில் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போன பிள்ளைக்கு அடி விழுந்தது.

பெற்றோரைக் குழப்பிய இன்னொன்றும் உண்டு. மிக்ஸி ஓடினால் அலறும் அதே பிள்ளை, அம்மா பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. காது கேட்கவில்லையோ என்று பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள். காது நன்றாக இருக்கிறது என்று முடிவு வரும். "அப்படின்னா வேணும்னே பண்றான்" என்று வீடே தீர்மானித்துவிடும்.

இன்று அந்தத் தீர்மானத்தை மாற்றச் சான்றுகள் இருக்கின்றன. 2010இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் திமோதி ராபர்ட்ஸ் குழுவினர் மூளையின் காந்தப் புலத்தை அளந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மூளை ஒலிக்குப் பதில் காட்டச் சராசரியாக 11 மில்லிவினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. பேச்சில் அசை மேல் அசையாக விழும்போது இந்தச் சிறு தாமதமும் கணக்கில் வரும். 2013இல் ஸ்டான்போர்டில் டேனியல் ஆப்ரம்ஸ், வினோத் மேனன் குழுவினர் பார்த்தது இன்னொன்று: மனிதக் குரலைப் பிரித்தறியும் பகுதிக்கும் மகிழ்ச்சியை உணர்த்தும் பகுதிக்கும் இடையிலான இணைப்பு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலுக்குறைந்திருந்தது. குரல் காதில் விழுந்தும் பிள்ளை ஏன் திரும்பவில்லை என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம். 2015இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஷூலமைட் கிரீன் குழுவினர் உவப்பில்லாத சத்தத்தையும் தோலை உறுத்தும் கம்பளியையும் கொண்டு சோதித்தார்கள். மற்றவர்களின் மூளை சீக்கிரம் தணிந்தது. ஆட்டிசத்தோடு புலன் தவிப்பும் மிகுந்திருந்தவர்களுக்கு, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா தணியாமல் நின்றது.

துறைமுகச் சத்தம் ஆட்டிசத்தைத் தருவதில்லை. ஆட்டிசத்தோடு பிறந்த பிள்ளைக்கு இந்தச் சாலையோரத்தில் வாழ்வதைக் கடினமாக்குகிறது, அவ்வளவுதான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்தது. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. ஆனால் காட்டுப்பள்ளித் தாய்க்கு அது நகரத்தின் மறுமுனை. சத்தம் தாங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னை முழுவதையும் கடந்தாக வேண்டும்.

அங்கே போகும்வரை காத்திருக்காமல் வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. மிக்ஸியைப் போடுமுன் பிள்ளையிடம் சொல்லிவிடலாம். மணிக்கும் சாலையோர ஜன்னலுக்கும் தள்ளி உட்கார வைக்கலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பதிலுக்கு அவசரப்படாமல் கொஞ்சம் பொறுக்கலாம். பொத்திய காதிலிருந்து கையை இழுக்கக் கூடாது. இரைச்சலில் வேலை செய்யும் தொழிலாளிக்குத் தரும் காதுறையைப் போன்ற ஒன்றை, சிகிச்சையாளரைக் கேட்டுக்கொண்டு, வேண்டிய நேரத்தில் மாட்டிவிடலாம்.

மீதி ஊருக்கும் அரசுக்கும் உரிய கடமை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் அவை வழிசெய்கின்றன. அங்கே ஹார்ன் அடிக்கக் கூடாது. லாரி போகும் சாலையிலுள்ள ஒவ்வொரு பள்ளி வாசலிலும் அமைதி மண்டலப் பலகையை நட்டு, அதை மதிக்க வைக்க வேண்டும். "போகப் போகப் பழகிடும்" என்று ஒரு குழந்தையிடம் சொல்ல இனி நமக்கு நியாயம் இல்லை.