விழிக்க மறுத்த பெட்டகம்

வீட்டுப் பெட்டகத்தின் பூட்டுத் திறக்கவில்லையென்றால், உள்ளேயுள்ள நகைகள் அழிந்துவிட்டன என்று எவரும் அழுவதில்லை. ஆயின், தரவுகளைச் சேமித்து வைக்கும் கணனி ஒருநாட் காலை இயங்க மறுத்தால், கற்றவருங்கூடக் கலங்கிச் செய்யத்தகாததைச் செய்துவிடுகின்றனர். அத்தவற்றின் விளிம்புவரை சென்று மீண்டவருள் நானும் ஒருவன்.

எங்கள் கல்லூரியிற் 'சேர்வர்' எனப்படும் சேமிப்புக் கணனி ஒன்றுண்டு. மாணவரின் புள்ளிப் பதிவுகளும், வருடியினாற் பிரதிசெய்த பழைய கல்லூரி மலர்களும் அதிலேயே உள்ளன. அம்மலர்களின் மூலப் பிரதிகளிற் பல கறையானுக்கு இரையாகிவிட்டன. சென்ற மாரியில் ஓரிரவு மின்சாரம் நின்றுபோயிற்று. மறுநாள் இயக்கியபோது விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையிலோ, பணிசெயல் முறைமையைக் காணவில்லை என்ற ஒரு வரியே தோன்றியது.

"புதிதாக நிறுவிவிடலாமே" என்றேன். உதவிக்கு வந்த பழைய மாணவர், கணனி பழுதுபார்ப்பவர், என் கையைத் தடுத்தார். "வேண்டாம் சேர். முதலில் எது பிழைத்தது என்று பார்ப்போம்" என்றார்.

கணனி விழிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையிலுள்ள சிறு நிரல் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கும். பின்னர், பணிசெயல் முறைமை எந்தத் தட்டில் உள்ளதெனத் தேடி, அதனை நினைவகத்தில் ஏற்றும். திரையே இருண்டிருப்பின், மின்வழங்கியையும் நினைவகத்தையும் முதலில் ஐயுறல் வேண்டும். எழுத்துத் தோன்றிவிட்டதாயின், அப்படியைக் கடந்துவிட்டோம். பிழை தட்டிலோ அமைப்புகளிலோ இருக்கலாம்.

எங்கள் கணனியிற் பணிசெயல் முறைமை தனியொரு சிறு தட்டில் உள்ளது. தரவுகளோ நான்கு வன்தட்டுகளிற் பகிர்ந்து எழுதப்பட்டுள்ளன. 'றெயிட்' எனும் இம்முறையின் பெயரை, பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பற்றேர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் 1988 இல் எழுதிய கட்டுரை பரப்பிற்று. நாம் கைக்கொண்ட ஐந்தாம் வகையில் ஒரு தட்டுப் பழுதாயின், ஏனையவற்றைக் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டு மீட்கலாம். இரண்டு பழுதாயின் மீட்பில்லை.

அவர் மின்னிணைப்பை நீக்கி, நான்கு தட்டுகளுக்கும் 1 முதல் 4 வரை இலக்கமிட்டு, அவற்றைக் கழற்றி வைத்தார். பின்னர் அமைப்புத் திரையைத் திறந்தார். கணனியின் கடிகாரம் பல ஆண்டுகளுக்கு முந்திய திகதியைக் காட்டியது! கள்வன் அகப்பட்டான்.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் ஒன்றுண்டு; சி.ஆர். 2032 என்பது அதன் இலக்கம். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் அமைப்புகளையும் அதுவே காக்கும். அஃது எப்போதோ சக்தியிழந்திருந்தது. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தமையால் எவரும் அறியவில்லை. அன்றிரவு மின்சாரம் நின்றதும் அமைப்புகள் அழிந்தன. கணனி பணிசெயல் முறைமையைத் தரவுத் தட்டிலே தேடி ஏமாந்தது. புதிய மின்கலமிட்டு, திகதியையும் தேடும் ஒழுங்கையும் திருத்தியதும் அது விழித்தது. மீண்டும் நிறுத்தி, இலக்கப்படி தட்டுகளைப் பூட்டினோம். மலர்கள் யாவும் பழுதின்றி இருந்தன.

நான் எண்ணியவாறு புதிதாக நிறுவ முனைந்து, தவறான தட்டைத் தெரிந்திருந்தால்? பிழைத்தது மின்கலம், அழிந்திருப்பவை தரவுகள்.

விடைபெறுமுன் அவர் கேட்டார்: "இவற்றுக்கு வேறு பிரதி உண்டா, சேர்?" நான்கு தட்டுகள் உண்டே என்றேன். அவர் தலையசைத்தார். தட்டொன்று கெடுவதை 'றெயிட்' தாங்கும். நெருப்பையோ இடியையோ, நாமே தவறுதலாக அழிப்பதையோ தாங்காது. நான்கும் ஒரே பெட்டிக்குள் அன்றோ இருக்கின்றன!

இன்று கல்லூரித் தரவுகளின் பிரதியொன்று வேறோரிடத்தில் இருக்கிறது. திருமணப் படங்களையும் பெற்றோரின் குரலையும் ஒரே தட்டில் வைத்திருக்கும் இல்லத்தாரும், அது விழித்திருக்கும்போதே இன்னொரு பிரதி எடுத்து வைப்பாராக.