சபையிலும் பாடசாலையிலும் எமக்கான இடம்

பிரதேச சபை என்றால் அது ஆண்களின் அரசியல், பாடசாலை என்றால் அது அதிபர், ஆசிரியர்களின் பொறுப்பு என்று எண்ணி ஒதுங்கிவிடும் பழக்கம் எம்மில் பலரிடம் உண்டு. ஆனால் எமது அன்றாட வாழ்வை அதிகம் தொடுகின்றவை இவ்விரண்டுமே. உள்வீதிகள், வீதி விளக்குகள், வடிகால்கள், சந்தை, நூலகம், குப்பை அகற்றல் என்பன உள்ளூராட்சி சபைகளின் கடமைகளாகும்.

“வகுப்பு முடிய ஆறரையாகும் பிள்ளை. ஒழுங்கையில ஒரு லைற்றும் இல்லை. பெட்டையை எப்பிடித் தனிய விடுறது?” மீள்குடியேறிய கிராமமொன்றில், கணவரை யுத்தத்தில் இழந்த தாயொருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய மகள் மாலை வகுப்பை நிறுத்திவிட்டாள். கல்விப் பிரச்சினையாகத் தெரிந்த இதற்குத் தீர்வு பாடசாலையில் இருக்கவில்லை, பிரதேச சபையில் இருந்தது. எந்த ஒழுங்கைக்கு முதலில் விளக்குப் போடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில், இருட்டில் நடந்து பழகிய ஒருத்தி இருக்கவேண்டும் அல்லவா?

எமது நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 1931 ஆம் ஆண்டிலேயே எமக்கு வாக்குரிமை கிடைத்தது. 1937 இல் மருத்துவர் மேரி இரத்தினம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். எனினும் எண்பது ஆண்டுகள் கழிந்தும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதத்தைக்கூட எட்டவில்லை. அரசியலுக்கு வந்த பெண்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல. 1989 இல் கணவரைக் கொலையில் இழந்த சரோஜினி யோகேஸ்வரன் 1998 இல் யாழ். மாநகர முதல்வரானார். அதே ஆண்டு மே மாதத்தில் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

2016, 2017 ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்ட தேர்தல் சட்டம் சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடத்தை ஒதுக்கியது. 2018 தேர்தலின் பின் பெண்களின் தொகை 20 வீதத்தைத் தாண்டியது. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின், 2025 மே 6 ஆம் திகதியே அடுத்த தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டு ஜூனில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்கள் மாநகர முதல்வர்களாகினர்.

ஆனால் கதிரை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. பெண்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் போட்டியிட்டு அல்ல, மேலதிகப் பட்டியல் மூலமே சபைக்கு வந்தனர். “உங்களுக்கு வட்டாரம் இல்லையே” என்று கூறி அவர்களைப் புறந்தள்ளுவது பல சபைகளில் நடந்தது. சட்டத்தின்படி பட்டியல் உறுப்பினரின் வாக்கும் வட்டார உறுப்பினரின் வாக்கும் ஒன்றே. அவருக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் நிற்கும்போது அவருடைய குரல் இன்னும் பலம் பெறும்.

பாடசாலையிலும் இதே நிலைதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குப் போனால் மண்டபம் நிறையத் தாய்மார். முன்வரிசையில் பதவிகளுடன் ஆண்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு முற்பகல் கூட்டமென்றால் ஒருநாள் சம்பளம் இல்லை. படிவத்தில் தந்தையின் கையொப்பத்தைக் கேட்கும்போது, கணவர் காணாமற் போன பெண் பிள்ளையின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். செல்வீச்சில் காலை இழந்த பெற்றோர் படிகளில் ஏற முடியாமல் வாசலோடு திரும்புகின்றனர். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் முதலிய வசதிகள் இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. கேட்பாரில்லாததால் பல இடங்களில் அவை காகிதத்திலேயே கிடக்கின்றன.

சகோதரிகளே, நாம் செய்யக்கூடியவை பல உண்டு.

மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ கூடி, ஊரின் தேவைகளை எழுதிக் கையொப்பமிட்டுச் சபைக்குக் கொடுங்கள். ஒரு பிரதியைப் பெண் உறுப்பினரிடமும் கொடுங்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த இடத்தைக் கேளுங்கள்.

பணம் எங்கே செலவானது என அறிய, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். எழுத முடியாதவர்கள் வாய்மூலமும் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும்.

பாடசாலைக் கூட்டத்தைப் பிற்பகலிலோ விடுமுறை நாளிலோ வைக்கும்படி கேளுங்கள். “தந்தை” என்ற இடத்தில் “பெற்றோர் அல்லது பாதுகாவலர்” என்று மாற்றும்படி கேளுங்கள். ஒருவர் தனியே போனால் முறைப்பாடாகத் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து போனால் அது ஊரின் கோரிக்கையாகும்.

இடம்பெயர்வுக் காலத்தில் முகாமில் தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்களும், மரத்தடியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். நிர்வாகம் எமக்குப் புதிதல்ல. அடுத்த கூட்டத்தில் பதவிக்குப் பெயர் முன்மொழியும்போது, பக்கத்திலிருக்கும் சகோதரியின் பெயரைத் துணிந்து சொல்லுங்கள். உங்கள் பெயரை ஒருவர் சொன்னால் மறுக்காதீர்கள்.