ஒன்பது எழுத்து... அதில் நான்கு 'ஏ'!

குழந்தைகளே! உங்களுக்கு ஒரு புதிர். ஒன்பது எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல். அதில் 'ஏ' மட்டும் நான்கு முறை வரும். வேறு உயிரெழுத்தே கிடையாது. அது என்ன?

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருநாள் வகுப்பில் கேட்ட கேள்வி இது. எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர். வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் கெட்டி. ஆனால், ஆங்கில வகுப்பு என்றால் மட்டம் போட்டுவிட்டு கடற்கரைக்கு ஓடிவிடுவான். "இங்கிலீஷ் எனக்கு வராது சார். படிப்பை நிறுத்திட்டு அப்பாகூட கடலுக்குப் போயிடறேன்" என்பான்.

அன்று அவன் வகுப்பில் இருந்தான். நான் கரும்பலகையில் ஒன்பது கோடுகள் போட்டேன். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் 'ஏ' வரும்" என்று எழுதிக் காட்டினேன். அப்போதும் அமைதி. முதல் எழுத்து 'சி', மூன்றாவது 'டீ', ஐந்தாவது 'எம்' என்று நிரப்பினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். "சார்... படிச்சா கட்டுமரம் மாதிரி இருக்கே!"

வகுப்பே சிரித்தது. "சிரிக்காதீர்கள். அவன் சொன்னதுதான் சரி" என்றேன். ஏழாவது இடத்தில் 'ஆர்', ஒன்பதாவது இடத்தில் 'என்' எழுதினேன். 'கேட்டமரான்'! நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் அப்படி ஆனது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697இல் வெளிவந்த தன் பயணநூலிலேயே, சோழமண்டலக் கரையில் இந்தப் பெயர் வழங்குவதை எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரை எது? நம் கடற்கரைதான்!

தமிழில் ஆறு எழுத்து, ஆங்கிலத்தில் எப்படி ஒன்பது ஆனது? நாம் 'ம' என்று ஒரே எழுத்தாக எழுதுவதை, அவர்கள் 'எம்', 'ஏ' என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். அதனால்தான்.

சரி, இப்படிப்பட்ட சொற்களைக் கண்டுபிடிக்க அகராதி முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: கோடு போடுங்கள். எத்தனை எழுத்தோ அத்தனை கோடு. தெரிந்த எழுத்தை அதன் இடத்தில் எழுதுங்கள். மூன்று எழுத்துகளை 6 விதமாக மாற்றி அடுக்கலாம். நான்கு என்றால் 24 விதம். ஐந்து என்றால் 120 விதம்! ஓர் எழுத்தின் இடம் தெரிந்துவிட்டால் அந்த 120, வெறும் 24 ஆகக் குறைந்துவிடும்.

இரண்டாவது வழி: உயிரெழுத்தைத் தேடுங்கள். ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால், 'ஸ்கை' என்பதில் போல, 'ஒய்' அந்த வேலையைச் செய்யும்.

மூன்றாவது வழி: நண்பர்களைக் கவனியுங்கள். 'க்யூ' வந்தால் பக்கத்தில் 'யூ' வரும். 'க்வீன்' நினைவிருக்கிறதா? 'க்ளாக்' போன்ற சொற்களின் கடைசியில் 'சி', 'கே' இரண்டும் கைகோத்து வரும். 'வி'யில் முடியும் சொல் மிக அரிது. அதனால்தான் 'ஹேவ்', 'கிவ்' ஆகியவற்றின் கடைசியில் ஓர் 'இ' நிற்கிறது.

நான்காவது வழி: அடிக்கடி வரும் எழுத்தை முதலில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், 1930களில் வேலை இழந்து வீட்டில் இருந்தார். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் 'ஸ்கிராபிள்' விளையாட்டு. அதன் 100 வில்லைகளில் 'இ' மட்டும் 12. ஒன்றுக்கு 1 மதிப்பெண்தான். 'க்யூ' ஒன்றே ஒன்று. அதற்கு 10 மதிப்பெண்!

2021இல் ஜாஷ் வார்டில் என்பவர் 'வேர்டில்' என்ற விளையாட்டை இணையத்தில் வெளியிட்டார். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 உண்டு. அவருடைய துணைவி பலக் ஷா, அவற்றில் பலருக்கும் தெரிந்த சுமார் 2,500 சொற்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்தார். பார்த்தீர்களா? எல்லாச் சொல்லும் யாருக்கும் தெரியாது. தெரிந்ததிலிருந்து தொடங்கினால் போதும்.

அந்த மாணவனும் அப்படித்தான் தொடங்கினான். அதன்பின் அவன் ஆங்கில வகுப்புக்கு மட்டம் போடவில்லை. படிப்பை நிறுத்தும் பேச்சையும் எடுக்கவில்லை.

இப்போது உங்கள் முறை! இவை நான்கும் தென்னிந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்தான்.

1. நான்கு எழுத்து. நடுவில் 'ஓ', 'ஐ'. தேங்காய் மட்டையிலிருந்து கிடைக்கும்.
2. ஐந்து எழுத்து. இரண்டாவது 'ஏ', கடைசி 'ஓ'. முக்கனிகளில் ஒன்று.
3. ஐந்து எழுத்து. 'ஆர்' அடுத்தடுத்து இரண்டு. கடைசி 'ஒய்'. சோற்றுக்குத் துணை.
4. ஏழு எழுத்து. 'வி' இரண்டு, 'இ' இரண்டு. கோடையில் மணக்கும் வேர்.

விடைகள்: 1. காயர் (கயிறு) 2. மேங்கோ (மாங்காய்) 3. கரி (கறி) 4. வெட்டிவர் (வெட்டிவேர்)