வெளியிலிருந்தா, உள்ளிருந்தா?

இருமினால் அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே ஒரு வீக்கம் எட்டிப் பார்க்கும். மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. அதற்கான வழி பிறப்பதற்கு முன்பே போடப்பட்டுவிடுகிறது. கருவில் விரைகள் உருவாவது சிறுநீரகங்களின் அருகில். பிறகு அவை வயிற்றுச் சுவரின் ஊடாக விரைப்பைக்கு இறங்குகின்றன. விந்துக்குழாயும் ரத்தக்குழாய்களும் அவ்வழியே போகவேண்டியிருப்பதால் அந்தப் பாதையை உடலால் முழுக்க அடைக்க முடிவதில்லை. பலவீனமான அந்த இடத்தில்தான் குடல் பிதுங்குகிறது.

இத்தாலிய மருத்துவர் பசீனி 1880களில் தசைகளை அடுக்கடுக்காக இழுத்துத் தைத்து இந்த வாசலைச் சாத்தினார். பெரிய சாதனைதான். ஆனால் இழுத்துத் தைத்த இடம் விறைத்து வலிக்கும்; சிலருக்கு நாளடைவில் தையல் தசையை அறுத்துக்கொண்டு விட்டுப்போகும். ஒரு நூற்றாண்டு கழித்து, லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டன்ஸ்டைன் என்ற மருத்துவர் இழுப்பதையே கைவிட்டார். ஓட்டையின்மேல் பாலிப்ரொப்பிலீன் வலையைப் பரப்பித் தைத்தார். வலைக்கண்களுக்குள் நம் திசு புகுந்து வளர, வலையும் தசையும் ஒரே சுவராகிவிடுகின்றன. இன்றைய திறந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் இதுதான். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடலாம்.

லேப்ராஸ்கோப்பியில் அதே ஓட்டையை உள்பக்கத்திலிருந்து அணுகுகிறார்கள். தொப்புளருகே ஒரு சிறு துளை வழியாக கேமரா, இன்னும் சின்னதாக இரண்டு துளைகள் வழியாகக் கருவிகள். கரியமில வாயு செலுத்தி இடத்தை விரித்துக்கொண்டு, தசைக்கும் குடலைப் போர்த்திய மெல்லிய சவ்வுக்கும் நடுவே உள்ளங்கையைவிடப் பெரிய வலையை விரிக்கிறார்கள். டியூப்லெஸ் டயருக்கு உள்பக்கம் ஒட்டும் பட்டை மாதிரி, வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. எந்த அழுத்தம் குடலைப் பிதுக்கியதோ, அதுவே காவலாகிவிடுகிறது! இந்த வேலையில் என்னை அசரவைக்கும் இடம் இதுவே.

உள்ளிருந்து பார்த்தால் இன்னொரு லாபம்: இடுப்புச் சுவரின் பலவீனமான இடங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பெண்களுக்குத் தொடைப்பக்கமாக இறங்கும் ஹெர்னியா வெளியிலிருந்து கண்ணில் படாமல் தப்பிவிடலாம், உள்ளிருந்து தப்பாது. இரண்டு பக்கமும் இருந்தால் அதே மூன்று துளைகள் போதும். வலி குறைவு, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே கத்திரிக்கு மிக அருகில் ஓடுகின்றன. பெரும்பாலும் முழு மயக்கமும் வேண்டும். இதயமோ நுரையீரலோ தளர்ந்தவருக்கும், முன்பே புரோஸ்டேட் அறுவை செய்துகொண்டவருக்கும் திறந்த முறையே நல்லது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டே ஆண்டுகளில் ஹெர்னியா திரும்ப வந்தவர்கள் லேப்ராஸ்கோப்பியில் சுமார் 10 சதவீதம், திறந்த முறையில் 5. புது முறை தோற்றதாகவே பலர் படித்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், 250-க்கும் மேல் லேப்ராஸ்கோப்பி செய்து பழகிய மருத்துவர்களிடம் அந்தத் தோல்வி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே எந்த முறை என்று கேட்பதோடு நிற்காமல், “இதை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், டாக்டர்?” என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திறந்த முறையைப் பழசு என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. மகாராஷ்டிரத்தின் கிராமப்புறத்தில் டோங்காவ்கர் என்ற மருத்துவர், விலையுயர்ந்த வலைக்குப் பதில் கிருமிநீக்கிய கொசுவலைத் துணியை வைத்துத் தைத்தார். பிற்பாடு உகாண்டாவில் 302 ஆண்களிடம், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, கொசுவலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டார்கள். 2016-இல் முடிவு வந்தது. ஓராண்டுக்குப் பிறகு, கொசுவலை வைத்தவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் ஹெர்னியா திரும்பியிருந்தது.