காசாளரைச் சந்தேகிக்கும் முன் கணனியைப் பாருங்கள்

மாலையில் கணக்கு முடிக்கும்போது லாச்சியில் காசு குறைந்தால் நாம் முதலில் பார்ப்பது காசாளரின் முகத்தைத்தான். "மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்கிறோம். சில வேளை சொல்லும்.

ஸ்கொட்லாந்தில் டல்மெலிங்டன் என்றொரு சிற்றூர். 2015 ஒக்டோபரில் அங்குள்ள உப தபாலகத்தை நடத்திய பெண்மணி, பக்கத்து ஊருக்கான சேவையின் கணக்கில் 8,000 பவுணைப் பதியத் தொடங்கினார். என்டர் விசையைத் தட்டினால் அந்தத் திரை மூடி, மெனுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. திரை அப்படியே நின்றது. யாரும் செய்வதைப் போல அவரும் மறுபடி மறுபடி தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கணனி சத்தமில்லாமல் இன்னொரு 8,000 பவுணை வரவு வைத்தது. நான்கு பதிவு, மொத்தம் 32,000. கையில் இருந்ததோ 8,000 மாத்திரமே. ஒரு நொடியில் 24,000 பவுண் 'குறைந்து' போயிற்று.

காரணம் மிகச் சிறியது. அதற்கு முன் கணனி தானாக லொக் ஓவ் ஆனபோது ஒரு வேலை சரியாக மூடப்படாமல் உள்ளே தங்கிவிட்டது. அதனால்தான் திரை நகரவில்லை. வேறு தபாலகங்களிலும் 2010 முதல் இதே பிழை ஏற்பட்டிருந்தது பின்னர்தான் வெளியே வந்தது.

அந்தக் கணனி முறையின் பெயர் ஹொரைசன். 1999 முதல் பிரித்தானியத் தபாலகங்களில் பாவிக்கப்பட்டது. உப தபாலகம் நடத்தியவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போல ஒரு சிறு கடையும் வைத்திருந்தவர்கள். கணனி காட்டிய குறையைச் சொந்தப் பணத்தால் நிரப்பியவர்கள் பலர். வீட்டை இழந்தவர்களும் உண்டு. 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள், சிலர் சிறை சென்றார்கள். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 டிசம்பரில்தான். 2024 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக இரத்துச் செய்தது. போன மானமும் வருடங்களும் திரும்பி வருமா?

நமது கடையில் கணனி ஒன்றோ இரண்டோதான். ஆனால் அநியாயம் நடக்க அது போதும். ஆகவே வியாபார அன்பர்களே, சில வழக்கங்களைக் கைக்கொள்வோம்.

திரை உறைந்து நின்றால் மறுபடி தட்டக் கூடாது. பதிவாகிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

காசு குறைந்தால், ஒரே தொகை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். குறை அந்தத் தொகையின் சரியான மடங்காக இருந்தால், கை வைத்தது மனிதன் அல்ல என்று சந்தேகிக்கலாம்.

எந்த மெனு, எந்த விசை, எத்தனை மணி என்று கொப்பியில் எழுதி வையுங்கள். பிழை மறுபடி வந்தால், மென்பொருள் தந்தவரிடம் காட்ட அதுவே சாட்சி.

ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது காசைக் கையால் எண்ணி, கணனியோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு காசாளரைக் கேளுங்கள். பத்து வருடம் உண்மையாக உழைத்தவனிடம் கேட்ட ஒரு தவறான கேள்வியை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது.