மலை டு கடல்... மண் ரோட்டுல ஒரு மிதி!

‘கன்னியாகுமரி’ன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சூரிய உதயம், கூடவே பேரம் பேசி வாங்கின பாசிமணி மாலை. ஸ்கூல் டூர்ல பஸ்ஸை விட்டு இறங்கி, ரெண்டே மணி நேரத்துல திரும்ப ஏறியிருப்பீங்க. இந்தத் தடவை பஸ் வேண்டாம் பாஸ்... சைக்கிளை எடுங்க. முடிஞ்ச வரைக்கும் தார் ரோடும் வேண்டாம்!

‘கிராவல் பைக்கிங்’னு ஒரு ஐட்டம் உலகம் பூரா கலக்கிட்டு இருக்கு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துல 2006-ல் சின்னதா ஆரம்பிச்ச மண் ரோடு ரேஸ் ஒண்ணு இன்னிக்கு செம ஃபேமஸ். 2022-ல் இத்தாலியில இதுக்குன்னே முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்துச்சு. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா 40 மில்லிமீட்டர் அகலத்துல தடி டயர், டிஸ்க் பிரேக், மேடு ஏற லைட்டான கியர்... இதுதான் கிராவல் பைக். சரளை, செம்மண் எதுலயும் போகும். விலையைக் கேட்டா மட்டும் செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வரும்! பயப்படாதீங்க. நான் ஓட்டினது சீனியர்கிட்ட நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கின பழைய ஹைபிரிட் சைக்கிள். கொஞ்சம் அகலமான டயர் மாட்டினேன், அவ்வளவுதான்.

மேடு ஏறாத மலை நாடு!

குமரி மாவட்டத்துல மலையும் கடலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க. காலையில பேச்சிப்பாறை மலையடிவாரத்துல டீ குடிச்சிட்டுக் கிளம்பினா, சாயங்காலம் தேங்காப்பட்டணத்துல கடல் அலையில கால் நனைக்கலாம். “மலைன்னா ஏத்தம் நாக்குத் தள்ளிடுமே”ன்னு யோசிக்கிறீங்களா? அங்கதான் எங்க சிவில் டிபார்ட்மென்ட் என்ட்ரி!

கோதையாற்றுக்குக் குறுக்கே திருவிதாங்கூர் மன்னர் காலத்துல கட்டி, 1906-ல் முடிச்ச அணை பேச்சிப்பாறை. அங்கிருந்து வயலுக்குத் தண்ணி கொண்டுபோக, மாவட்டம் பூரா சானல் வெட்டியிருக்காங்க. சானலுக்கு ரெண்டு கண்டிஷன். தண்ணி மேட்டுல ஏறாது. சட்டுன்னு இறக்கினா வேகம் கூடி, கரையை அரிச்சிடும். அதனால மலைச்சரிவை ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே உயரத்துல வளைஞ்சு வளைஞ்சுதான் சானல் போகும். கரை மேல போற மண் பாதையும் அப்படியேதான்! சர்வேயிங் லேப்ல வேகாத வெயில்ல டம்பி லெவலோட நின்னப்போ, “இந்த காண்டூர் லைன் எல்லாம் எதுக்குடா”ன்னு திட்டினவன் நான். சானல் கரையில சைக்கிள் மிதிச்சப்போதான் புரிஞ்சுது. யாரோ ஒரு இன்ஜினீயர் எப்பவோ லெவல் பார்த்து வச்ச பாதையில, நான் மூச்சு வாங்காம போயிட்டு இருந்தேன்.

தண்ணி கூடவே போங்க!

முதல் ரூட்: பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்பு, மாத்தூர், குழித்துறை, தேங்காப்பட்டணம். சுத்தி வளைச்சாலும் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். திற்பரப்பு அருவியில ஒரு குளியல். அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்துல, 28 தூண் மேல, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணியைத் தாண்ட வைக்குது! 1966-ல் கட்டினது. இங்கே சைக்கிளை நிறுத்திட்டு நடந்துதான் போகணும். கீழே குனிஞ்சு பார்த்தா ஸ்டிரக்சர்ஸ் பேப்பர்ல போட்ட கணக்கெல்லாம் கண்ணு முன்னாடி நிக்கும்.

கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு பக்கத்துல ஒண்ணு சேர்ந்து, குழித்துறை வழியா தேங்காப்பட்டணத்துல கடலுக்குப் போகுது. நேரம் இருந்தா சிதறால் பக்கம் திரும்புங்க. பாறையில சமணச் சிற்பங்கள், 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு. இங்கேயும் அடிவாரத்துலயே சைக்கிளுக்கு ரெஸ்ட்.

சானல் கரை எல்லா இடத்துலயும் மண் பாதை கிடையாது. சில இடத்துல தார், சில இடத்துல கான்கிரீட், சில இடத்துல முள்ளு. பாதை முடிஞ்சா பக்கத்து ஊர் ரோட்டுக்கு மாறிக்கோங்க. முந்தின நாளே மொபைல்ல சாட்டிலைட் மேப் பார்த்தா, பச்சைக்கு நடுவுல சானல் கோடு போட்ட மாதிரி தெரியும்.

கொட்டின பால்!

இப்போ நான் சொதப்பின கதை. பேச்சிப்பாறையிலிருந்து சானல் கரையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவுல ஒரு செம்மண் இறக்கம். மணி ஒன்பது. நாங்க மூணு பேர். “யார் முதல்ல கீழே”ன்னு ஒரு பெட். டயர்ல காத்து கல்லு மாதிரி இருந்துச்சு. வளைவுல திரும்பினா... எதிர்ல கையில வாளியோட ஒரு அக்கா!

பிரேக்கை இறுக்கிப் பிடிச்சேன். சைக்கிள் சறுக்கி, நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். அக்கா துள்ளி ஒதுங்கிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா வாளி சாய்ஞ்சு, ரப்பர் பால் பாதி மண்ணுல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஒவ்வொரு மரமா வெட்டி, சிரட்டை சிரட்டையா சேர்த்த பால், செம்மண்ணுல வெள்ளையா ஓடிட்டு இருந்துச்சு.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். “அடி பட்டுதா மக்களே?”ன்னு கேட்டாங்க. முழங்கை சிராய்ப்பைக் கழுவத் தண்ணி கொடுத்தாங்க. நாங்க பாக்கெட்டைத் தடவி முந்நூறு ரூபாய் நீட்டினோம். வாங்கலை. “மரம் இனி இன்னைக்குப் பால் தராது மக்களே. இது நாங்க வேலைக்கு நடக்கிய பாதை. பைய போங்கோ. ஒரு மணியாவது அடிக்கப்பிடாதா?”ன்னாங்க.

என் சைக்கிள்ல மணியே இல்லை. வெயிட் குறையும்னு நான்தான் கழட்டி ஹாஸ்டல் ரூம்ல போட்டிருந்தேன்.

பாதை நமக்காகப் போட்டது இல்லை!

அதுக்கப்புறம் அந்த ரூட்டே வேற மாதிரி தெரிஞ்சுது. சானல் கரை, தண்ணியைப் பார்த்துக்கறவங்களும் விவசாயிகளும் நடக்கப் போட்டது. தோட்டப் பாதை, பால் வெட்டுறவங்க பாதை. சானல் படித்துறையில துணி துவைக்கிறாங்க, குளிக்கிறாங்க. அங்கே கேமராவை உள்ளே வைங்க, இறங்கித் தள்ளிட்டுப் போங்க. தோட்டத்துக்குள்ளே போகணும்னா கேட்டுட்டுப் போங்க. பேச்சிப்பாறைக்கு மேலே வனத்துறை எல்லை. யானை நடமாடுற காடு, அனுமதி இல்லாம ஒரு மிதி கூட வேண்டாம்.

ரெண்டாவது ரூட் வேணுமா? ஆரல்வாய்மொழி, தோவாளை பூ மார்க்கெட், சுசீந்திரம் குளக்கரை, மணக்குடி. சுசீந்திரம் - தேரூர் குளங்களை 2022-ல் ராம்சர் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. பறவைக் கூட்டம் அள்ளும்! மணக்குடியில பழையாறு கடல்ல கலக்குது. ஆனா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து பேயா அடிக்கும். முப்பந்தல்ல அத்தனை காத்தாடி சும்மாவா நிக்குது? எதிர்காத்து வேகம் ரெண்டு மடங்கானா, அது தள்ளுற விசை நாலு மடங்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சவங்களுக்குக் கூட அங்கே ஒரே நிமிஷத்துல புரிஞ்சிடும்!

கிளம்பறதுக்கு முன்னாடி...

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் பெஸ்ட். இந்த மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. நனைஞ்ச செம்மண் டயர்ல அப்பிக்கும். 40 மில்லிமீட்டர் டயர்னா, அறுபத்தஞ்சு கிலோ ஆளுக்கு 35 - 40 பிஎஸ்ஐ காத்து போதும். டைட்டா அடிச்சா டயர் சரளை மேல துள்ளும், பிடிப்பு போயிடும். என்னோடது 70! வளைவுக்கு முன்னாடியே, ரெண்டு பிரேக்கையும் மெதுவாப் பிடிங்க. ஹெல்மெட், ஸ்பேர் டியூப், பம்ப், பஞ்சர் கிட், ரெண்டு லிட்டர் தண்ணி கண்டிப்பா வேணும்.

அப்புறம் ஒரு மணி. குலசேகரத்துல ஒரு சைக்கிள் கடையில அறுபது ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். வளைவுக்கு வளைவு அடிச்சுட்டே தேங்காப்பட்டணம் பொழிமுகம் வரைக்கும் போனோம். நண்பர்கள் கிண்டல் பண்ணினாங்க... “ஐஸ்காரன் வந்துட்டான்டா!”

பண்ணட்டும். அடுத்த மாசம் திரும்ப அந்த இறக்கத்துக்குப் போறேன். இந்தத் தடவை அக்காவுக்கு முன்கூட்டியே சத்தம் கேட்கும்!